குறையற்ற இசைத்தட்டு வரிசை: ஒரு வரலாற்று நோக்கு

தன் முதல் இசைத்தொகுப்பு தொடங்கி இறுதித் தொகுப்பு வரை, ஓரிடத்தேனும் தளராமல் பாடி முடித்த இசைக்குழு உலகில் எங்கேனும் உண்டா? இசையார்வம் கொண்ட மாணவரிடையே அடிக்கடி எழும் விவாதம் இது. ஒருவர் பீற்றில்ஸ் என்பார். மற்றொருவர் உடனே அவர்களுடைய தொகுப்புகளில் ஒன்றைச் சுட்டி, இது தேறுமா என்று மடக்குவார். விவாதம் சுவையானதுதான். ஆனால், எனக்குப் பிடிக்கிறது, உனக்குப் பிடிக்கவில்லை என்பதோடு அது முடிந்துவிடுகிறது. சுவையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கும் வரை இதற்கு முடிவான விடை கிடைக்கப்போவதில்லை.

வேறொரு வழியிலும் இக்கேள்வியை அணுகலாம். தொகுப்பு என்ற பண்டம் எப்பொழுது உண்டாயிற்று? யார் அதனை உண்டாக்கினர்? அதனை நல்ல பாட்டுக்களால் நிரப்புவதற்கு வேண்டிய நேரமும் பணமும் கருவியும் யாருக்குக் கிடைத்தன? யாருக்குக் கிடைக்கவில்லை? ஹெவ்லொக் டவுன், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய கொழும்பின் பகுதிகளில் வாழும் நாம் இக்கேள்வியைக் கேட்கும்போது இந்த வினாக்களைத் தவிர்க்க முடியாது. ஏனெனில், நம்மிடையேயும் இசைக்குழுக்கள் இருந்தன. ஆனால், குறையுள்ளது, குறையற்றது என்று பிரித்துப் பார்ப்பதற்கு ஒரு முழு வரிசை நம்முடைய எல்லாக் குழுக்களுக்கும் வாய்க்கவில்லை.

அரக்கிலிருந்து அல்பம் வரை

பழைய இசைத்தட்டு அரக்கினால் ஆனது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அத்தட்டின் முக்கிய மூலப்பொருளான அவலரக்கு, இந்தியாவின் சோட்டாநாகபுரி போன்ற காட்டுப் பகுதிகளில் மரக்கிளைகளிலிருந்து மக்கள் சுரண்டி எடுத்த பொருள். பத்து அங்குலத் தட்டு ஒன்றின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிட இசையே அடங்கும். நெடிய இசைப்படைப்பொன்றை விற்க வேண்டுமாயின் பல தட்டுக்களை உறைகளில் இட்டுப் புத்தகம் போலக் கட்டி விற்றனர். புகைப்படம் ஒட்டும் புத்தகத்தைப் போல் இருந்தமையால் அதற்கு அல்பம் என்று பெயர் வந்தது. அதாவது, அல்பம் என்பது முதலில் ஒரு கலை வடிவமன்று. அது கடைக்காரன் கட்டிய கட்டு.

1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே மூன்றிலொரு முறை என்ற மெதுவான வேகத்தில் சுழலும் நீள்நேரத் தட்டினை வெளியிட்டது. அதன் ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் ஒலித்தது. மறு ஆண்டே ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 45 சுழற்சி கொண்ட சிறு தட்டோடு போட்டிக்கு வந்தது. இவ்விரு முதலாளிகளின் போட்டியிலேதான் இன்றைய இசை உலகின் அளவுகோல்கள் உருவாகின. நீள்நேரத் தட்டு நடுத்தர வர்க்கத்தின் கூடத்துக்கு; சிறு தட்டு இளைஞரின் சட்டைப்பைக்கு. பன்னிரண்டு அல்லது பதினான்கு பாட்டுக்களைச் சேர்த்தால்தான் ஒரு முழுமை என்ற எண்ணமும் அங்கிருந்தே வந்தது. பாட்டின் இயல்பிலிருந்து பிறந்த அளவு அன்று அது. தட்டின் விட்டத்திலிருந்து பிறந்த அளவு.

பீற்றில்ஸ் பெற்ற வாய்ப்பு

குறையற்ற வரிசைக்கு எடுத்துக்காட்டாகப் பெரும்பாலோர் முதலிற் சொல்வது இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்துப் பீற்றில்ஸ் குழுவை. தொழிலாளர் குடும்பங்களிலிருந்தும் கீழ் நடுத்தரக் குடும்பங்களிலிருந்தும் வந்த அந்நால்வரும் 1962இல் ஈ.எம்.ஐ. நிறுவனத்தோடு செய்த முதல் ஒப்பந்தத்தின்படி, இரு பாட்டுக்கள் அடங்கிய ஒரு தட்டு விற்றால் நால்வருக்குமாகக் கிடைத்த பங்கு ஒரு பென்னி. அவர்களின் முதல் தொகுப்பில் உள்ள பதினான்கு பாட்டுக்களில் பத்தினை 1963 பெப்ரவரி 11ஆம் நாள் ஒரே நாளில் பதிவுசெய்து முடித்தார்கள். ஆண்டுக்கு இரண்டு தொகுப்பு என்ற வேகத்தில் 1963, 1964, 1965 ஆகிய மூன்றாண்டுகளும் சென்றன.

அந்த வேகத்தின் விளைவு தொகுப்புகளிலேயே தெரிகிறது. 1964 டிசம்பரில் வந்த தொகுப்பின் பதினான்கு பாட்டுக்களில் ஆறு, பிறருடைய பழைய பாட்டுக்கள். ஊர் ஊராகச் சென்று மேடையேறிக்கொண்டிருந்தவர்களுக்குப் புதுப்பாட்டு எழுத நேரமில்லை; கிறிஸ்மஸ் சந்தைக்கோ தொகுப்பு வேண்டும். அத்தொகுப்பின் களைப்பு, திறமை வற்றியதன் அடையாளமன்று. ஓய்வு மறுக்கப்பட்ட உழைப்பாளியின் களைப்பு. 1969 ஜனவரியில் வந்த மற்றொரு தொகுப்பில், ஒரு பக்கம் முழுவதும் திரைப்படத்துக்காக வேறொருவர் அமைத்த பின்னணி இசை; அவர்களுடைய புதிய பாட்டுக்கள் நான்கே. ஆகவே, பீற்றில்ஸ் வரிசையும் முற்றிலும் மேடுபள்ளமற்றதன்று.

ஆயினும், அவ்வரிசையில் உள்ள உயரங்கள் எவ்வாறு வந்தன என்பதே நாம் கவனிக்க வேண்டியது. 1966 ஆகஸ்ட் மாதத்தோடு அவர்கள் பொதுமேடை நிகழ்ச்சிகளை நிறுத்திக்கொண்டனர். அவ்வாண்டு நவம்பரிலிருந்து 1967 ஏப்ரல் வரை, நிறுவனத்தின் ஒலிப்பதிவுக்கூடத்தில் நாட்கணக்கையும் இரவுக்கணக்கையும் பாராமல் ஒரு தொகுப்புக்காக உழைத்தனர். 'சார்ஜன்ட் பெப்பர்' என்ற புகழ்பெற்ற தொகுப்பு அவ்வாறு பிறந்தது. ஒரு நாளில் பத்துப் பாட்டுப் பதிந்தவர்களுக்கு ஐந்து மாதங்கள் கிடைத்தன. திறமை இரு காலத்திலும் அவர்களிடம் இருந்தது. மாறியது நேரம், அந்நேரத்தை வாங்கும் வலிமை.

இன்னுமொன்று. 1966 வரை, அவர்கள் இலண்டனில் வரிசைப்படுத்திய பாட்டுக்களை அமெரிக்காவில் கப்பிட்டல் நிறுவனம் தன் விருப்பப்படி வெட்டி, ஒட்டி, இரண்டு தொகுப்பினை மூன்றாக்கி விற்றது. அமெரிக்க இளைஞன் கேட்ட வரிசை வேறு. ஆங்கில இளைஞன் கேட்ட வரிசை வேறு. எந்த வரிசையை வைத்துக் குறையற்றது என்று தீர்ப்புச் சொல்வது?

ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் கிளை கல்கத்தாவுக்கு அருகே டம்டம் என்னுமிடத்திலும் இருந்தது. அங்கே 1960களின் நடுப்பகுதியிலும் பீற்றில்ஸ் பாட்டுக்கள் பழைய 78 சுழற்சித் தட்டிலேயே அச்சாகின. மேற்கிலே அத்தட்டுக்கள் மறைந்துவிட்ட காலம் அது. மின்சாரம் இல்லாத வீடுகளில் கைச்சாவி முறுக்கிக் கேட்கும் கிராமபோன் பெட்டிகள் இன்னும் இருந்தமையால் அவை இங்கே விலைபோயின. இலண்டனில் தொகுப்பாக மலர்ந்த பாட்டு, நம் பக்கத்துக்கு வரும்போது மீண்டும் மூன்று நிமிடத் துண்டாக உடைந்து வந்தது. ஒரே நிறுவனம், ஒரே பாட்டு. வாங்குபவனின் வறுமையே வடிவத்தைத் தீர்மானித்தது.

ஆலையும் வானொலியும்

இனி நம் ஊருக்கு வருவோம். 1890களின் முற்பகுதியில் இலங்கையின் ஆளுநராக இருந்த ஆர்தர் ஹெவ்லொக்கின் பெயரைத் தாங்கி நிற்கும் ஹெவ்லொக் டவுன், கடற்கரைப் பக்கம் உள்ள வெள்ளவத்தைக்கு உட்புறமாக அமைந்தது. இங்கேதான் வெள்ளவத்தை நூல் நூற்பு, நெசவு ஆலை இருந்தது. 1933இல் அவ்வாலையின் ஏறக்குறைய 1,400 தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர் அவர்களுக்குத் தலைமை தாங்கினர். மலையாளிகளும் தமிழரும் சிங்களவரும் சேர்ந்து உழைத்த ஆலை அது. மலையாளத் தொழிலாளருக்கு எதிராக இனவெறியைக் கிளப்பி அப்போராட்டத்தை உடைக்கவும் அன்று முயற்சி நடந்தது. இரண்டாண்டின் பின், 1935 டிசம்பரில், லங்கா சமசமாஜக் கட்சி தோன்றுவதற்கு இப்போராட்டம் ஒரு முன்னறிவிப்பாக இருந்தது என்பதை வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் அறிவர். இன்று அந்த ஆலை இல்லை. அதன் நிலத்தில் உயர்ந்த அடுக்குமாடி வீடுகளும் வணிக வளாகமும் நிற்கின்றன.

இசை பற்றிய கட்டுரையில் ஆலை எதற்கு என்று வாசகர் கேட்கலாம். மூன்று மொழி பேசிய தொழிலாளர் ஒரே கூரையின்கீழ் நின்ற இடம் அது என்பதனாலேதான். வேலை முடிந்து திரும்புவோர் பாடுவதற்கும் ஆடுவதற்கும் ஒரு பொதுத் தாளம் இந்நகரத்திலே முன்னரே இருந்தது. போர்த்துக்கேயர் காலத்தில் வந்து, ஆபிரிக்க வழித்தோன்றல்களான காப்பிரிகளாலும் பறங்கியராலும் வளர்க்கப்பட்ட கப்பிரிஞ்ஞா, பைலா ஆகியவற்றின் தாளமே அது. பொலிசுக்காரராகப் பணியாற்றிய வோலி பஸ்தியன் பைலாவைச் சிங்களப் பாட்டுக்கு இசைவாக்கிப் பரப்பினார். கலியாண வீட்டிலும் கள்ளுக்கடையிலும் ஒலித்த இசையை உயர்குடியினர் இசையாகவே மதிக்கவில்லை.

ஹெவ்லொக் டவுனிலிருந்து அதிக தூரம் இல்லாத டொறிங்டன் சதுக்கத்தில், இன்று சுதந்திரச் சதுக்கம் என வழங்கும் இடத்தில், இலங்கை வானொலி இருந்தது. அதன் வர்த்தக சேவை 1950 செப்டெம்பர் 30ஆம் நாள் தொடங்கியது. 1952இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டுக்களைக் கட்டுப்படுத்தியபோது, இந்தியத் துணைக்கண்டமே கொழும்பை நோக்கித் திரும்பியது. தமிழ்நாட்டின் பட்டிதொட்டியெல்லாம் மயில்வாகனன் போன்றோரின் குரலை அறிந்திருந்தது. ஆனால், இந்தப் பெருமையின் உள்ளே ஒரு முரண்பாடு இருந்தது. சென்னையில் உண்டான திரைப்பாட்டுக்கே கொழும்பு வானொலி விற்பனைக்களம் ஆயிற்று; கொழும்பில் உண்டாகும் தமிழ்ப் பாட்டுக்கு அங்கே ஒதுங்கும் மூலையே கிடைத்தது. சிங்களப் பக்கத்திலும், அதே 1952இல் லக்னோவிலிருந்து ரத்னஜங்கர் என்னும் இசைப் பேராசான் அழைக்கப்பட்டுக் கலைஞரை வட இந்திய இராக மரபின் அளவுகோலால் தரம் பிரித்தார். அந்த அளவுகோலில் பைலா பாடுவோனுக்கு இடம் ஏது?

நான்கு பாட்டுத் தட்டு

இந்தச் சூழலில்தான் 1960களில் கிற்றார் ஏந்திய இளைஞர் குழுக்கள் தோன்றின. அவற்றுள் முதன்மையாகச் சொல்லத்தக்கது மூன்ஸ்டோன்ஸ். கிளாறன்ஸ் விஜேவர்தனவும் அனெஸ்லி மாலேவனவும் அதன் தூண்கள். மின்கிற்றாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்து, பண்டித நடையை விட்டு நீங்கிப் பேச்சு மொழிக்கு நெருக்கமான எளிய சொற்களில் பாடியது கிளாறன்சின் சாதனை. பின்னர் கோல்டன் சைம்ஸ், சூப்பர் கோல்டன் சைம்ஸ் என்ற பெயர்களில் அவர் குழுக்கள் தொடர்ந்தன. 1975இல் வந்த 'சிக்குறுலியா' திரைப்படத்துக்கு இசையமைத்தார். 1996 டிசம்பரில் காலமானார்.

இக்குழுக்களின் சிறந்த காலம் பதினான்கு பாட்டுத் தொகுப்பின் காலமன்று. ஏழு அங்குலத் தட்டு, பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாட்டு: ஈ.பி. என்று வழங்கிய இச்சிறு தட்டே அவர்களின் ஏடு. ஜெரால்ட் விக்கிரமசூரியவின் சூரியா நிறுவனமும், லூயிஸ் பிரவுண் நிறுவனமும் இத்தகைய தட்டுக்களை வெளியிட்டன. சிறிய சந்தை, குறைந்த முதல், அரிய ஒலிப்பதிவு நேரம் ஆகியவை எல்லாம் ஒரு நிர்ப்பந்தத்தை உண்டாக்கின. நான்கே பாட்டுக்கு இடமிருக்கும்போது நிரப்புவதற்காக ஒரு பாட்டைச் சேர்க்க முடியாது. மேடையிலும் வானொலியிலும் மக்கள் செவியில் தேறிய பாட்டுக்கே தட்டில் இடம் தருவது நிறுவனத்துக்கும் இலாபம். ஆதலின், அக்காலச் சிறு தட்டுக்களை எடுத்துக் கேட்போர் அவற்றில் பதரைக் காண்பது அரிது.

இதனை வறுமையின் பெருமை என்று நாம் பாடிவிடக் கூடாது. நான்கு பாட்டுக்கு மேல் எழுத இயன்றவனுக்கு நான்கே பாட்டுக்குக் களம் கிடைத்தது என்பது இழப்புத்தான். ஐந்து மாதம் ஒரு கூடத்தில் இருந்து பரிசோதனை செய்யும் வாய்ப்பு கிளாறன்சுக்குக் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்ற கேள்விக்கு விடையில்லை. ஆனால், தொகுப்பு என்ற மேல்நாட்டு அளவுகோலை வைத்து நம் குழுக்களை அளக்கப் புறப்படுவோர், அவர்கள் வேறொரு வடிவத்திலே தேர்ந்தவர்கள் என்பதை மறந்துவிடலாகாது. சிறுகதை எழுதியவனிடம் ஏன் பெருநாவல் வரிசை இல்லை என்று கேட்பது போன்றது அது.

நீண்டகாலம் நிலைத்த குழுவுக்கு எடுத்துக்காட்டு ஜிப்சீஸ். 1969இல் மொறட்டுவைப் பகுதியில் அன்ரன் பெரேரா தம் பிள்ளைகளைக் கொண்டு அமைத்த அக்குழு, மகன் சுனில் பெரேராவின் தலைமையில் அரை நூற்றாண்டு கடந்து நின்றது. சிறு தட்டிலிருந்து ஒலிநாடாவுக்கும், ஒலிநாடாவிலிருந்து இறுவட்டுக்கும் அது மாறிவந்தது. அந்நெடும் வரிசையில் வெறும் கொண்டாட்டப் பாட்டுக்களும் உண்டு. அரசியல்வாதியையும் ஊழலையும் எள்ளி நகையாடிய கூர்மையான பாட்டுக்களும் உண்டு. சுனில் பெரேரா 2021 செப்டெம்பரில் மறைந்தபோது நாடு அவரை நினைவு கூர்ந்தது அந்தப் பிற்கூறிய பாட்டுக்களுக்காகவே. ஐம்பது ஆண்டு பாடுவோன் எப்பொழுதும் உச்சியில் நிற்பதில்லை. கலியாண வீட்டிலும் ஹோட்டல் மண்டபத்திலும் பாடிச் சம்பாதித்தால்தான் அடுத்த பாட்டை எழுதலாம் என்ற நிலையில் மேடுபள்ளம் தவிர்க்க முடியாதது.

தமிழ்த் துள்ளிசை

இனி, நம்மை நேரே தொடும் பகுதி. 1960களின் இறுதியிலும் 1970களிலும் இலங்கைத் தமிழரிடையே பொப் இசை என்றும் துள்ளிசை என்றும் வழங்கிய புதிய பாட்டு எழுந்தது. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம், யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழை அப்படியே பாட்டாக்கினார். 'சின்ன மாமியே' என்ற அவர் பாட்டினை அறியாத இலங்கைத் தமிழர் அக்காலத்தில் அரியர். கள்ளுக்கடையை எச்சரித்தும், வெளிநாட்டு மாப்பிள்ளை மோகத்தை நகைத்தும் அவர் பாடினார். ஏ.ஈ. மனோகரன் பாடிப் புகழ்பெறச் செய்த 'சுராங்கனி', சிங்களமும் தமிழும் கலந்த மீன்காரப் பாட்டு. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற தமிழ்நாட்டுத் திரைப்படத்திலும் அது நுழைந்தது. திருகோணமலையின் பரமேஷ், கோணேஷ் சகோதரர், எஸ். இராமச்சந்திரன் முதலியோரும் இவ்வரிசையில் நின்றனர்.

இப்பாட்டுக்களின் தாளம் எது? அதே பைலாத் தாளம். சிங்களக் குழுக்கள் எந்தத் தாளத்தைக் கொண்டு தம் பேச்சு மொழிக்கு இசையில் இடம் தேடினவோ, அந்தத் தாளத்தைக் கொண்டே தமிழ் இளைஞரும் தேடினர். அதே 1960களில் நம் இலக்கிய உலகிலே மரபுப் போராட்டம் நடந்ததை வாசகர் அறிவர். பேச்சுவழக்கில் எழுதப்பட்ட கதைகளை இழிசனர் இலக்கியம் என்று பண்டிதர் சிலர் தூற்றினர். முற்போக்கு எழுத்தாளர் அதனை எதிர்த்து நின்றனர். கதையிலே பேச்சுத் தமிழுக்காக வாதாடிய நாம், பாட்டிலே பேச்சுத் தமிழ் கேட்டபோது அதனை வெறும் கேளிக்கை என்று ஒதுக்கும் மனப்பான்மைக்கு இடம் கொடுத்துவிட்டோம். அப்பாட்டுக்களில் வெறும் கேளிக்கையும் இருந்தது. பெண்களைக் கேலி செய்யும் மலிவான நகைச்சுவையும் இருந்தது. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், குறைகண்டு திருத்துவதற்காவது ஒன்றைக் கேட்டு, எழுதி, பாதுகாத்திருக்க வேண்டும்.

துள்ளிசை ஓரளவு தழைத்ததற்கும் ஒரு பொருளாதாரக் காரணம் உண்டு. 1970இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசு இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியது. தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளின் வரவு மட்டுப்பட்டது. அந்தக் காலத்திலேயே வீரகேசரி நிறுவனம் உள்ளூர் எழுத்தாளரின் நாவல்களைத் தொடர்ந்து வெளியிட்டது. வானொலியில் ஈழத்து மெல்லிசைப் பாட்டுக்கள் வளர்ந்தன. பெரிய சந்தையின் நிழல் சிறிது விலகியதும் அடியில் இருந்த செடி தலைநிமிர்ந்தது. ஆனால், அதே கட்டுப்பாட்டின் காலத்தில் இசைக்கருவிக்கும் ஒலிநாடாவுக்கும் அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. செடி நிமிர்ந்தாலும் அதற்கு உரம் போதவில்லை. தமிழ்ச் சந்தை சிங்களச் சந்தையிலும் சிறியது. ஒரு தமிழ்க் குழு ஆண்டுதோறும் தட்டு வெளியிட்டு ஒரு வரிசையைக் கட்டியெழுப்பும் நிலை இங்கே உண்டாகவேயில்லை.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. ஒலிநாடாவும் அதனைப் பிரதிசெய்யும் கருவியும் மலிவாயின. ஏழை வீட்டுக்கும் இசை சென்றது, இது நன்மை. ஆனால், ஒரு நாடாவை வாங்கி நூறு நாடாவாக்கி விற்போருக்கும் காலம் பிறந்தது. பாடினவன் பெயர், எழுதினவன் பெயர், பதிவுசெய்த ஆண்டு ஆகிய மூன்றும் பிரதியெடுத்த நாடாவின் மேலே இல்லாமற் போயின.

அதன் பின் நெருப்பு வந்தது. 1981 மே மாத இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் அழிந்தன என்பது உலகறிந்த செய்தி. அதற்கு ஒரு பட்டியல் இருந்தது; ஆகவே ஓர் எண் இருக்கிறது. 1983 ஜூலை 24ஆம் நாள் இரவு பொரளையில் தொடங்கி, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, ஹெவ்லொக் டவுன் என்று கொழும்பெங்கும் பரவிய வன்முறையில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மனித உயிர்களின் முன்னே தட்டும் நாடாவும் சிறியவை, ஐயமில்லை. எனினும், எரிந்த கூடங்களில் இருந்த இசைத்தட்டுக்களையும் ஒலிநாடாக்களையும் எவரும் எண்ணவில்லை. பாடினவரும் கேட்டவரும் நாடு நாடாகச் சிதறினர். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவில் குடியேறினார். மனோகரன் தமிழ்நாட்டுத் திரைப்படங்களில் நடித்து, 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

எனவே, விடை யாது?

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். நெடுங்காலம் பாடிய எந்தக் குழுவின் வரிசையும் முற்றிலும் குறையற்றதாக இல்லை. பெரும் புகழ் பெற்ற பீற்றில்சின் வரிசையிலும் களைப்பின் தடயம் உண்டு. நம் நாட்டின் ஜிப்சீஸ் வரிசையிலும் உண்டு. குறையில்லாததுபோல் தோன்றுவன பெரும்பாலும் குறுகிய வரிசைகள். ஏழாண்டிலோ எட்டாண்டிலோ கலைந்தவர்களும், நான்கு பாட்டுக்கு மேல் இடம் பெறாதவர்களும் தளர்வதற்கு நேரம் பெறவில்லை. ஆகவே, குறையற்ற வரிசை என்பது மேதையின் சான்றிதழாக மட்டும் இருக்க முடியாது. உழைப்பின் வேகத்தை யார் தீர்மானித்தார், கூடத்தின் வாடகையை யார் கொடுத்தார், எந்தப் பாட்டு வெளியே வரலாம் என்று யார் சொன்னார் என்பவற்றின் கணக்கேடும் அதுவே.

தமிழ்த் துள்ளிசையைப் பொறுத்தவரை கேள்வி இன்னும் ஒருபடி பின்னே செல்கிறது. அங்கே வரிசை குறையுள்ளதா என்று கேட்பதற்கு முன், வரிசை எங்கே என்று கேட்க வேண்டியிருக்கிறது. எத்தனை தட்டு வந்தது, எந்த ஆண்டு வந்தது, கிற்றார் வாசித்தவர் யார், மேளம் அடித்தவர் யார் என்பவற்றை ஒரே இடத்திற் காட்டும் முழுமையான ஏடு நம் கையில் இல்லை. இன்று இணையத்தில் அப்பாட்டுக்கள் உலாவுகின்றன, கேட்கின்றோம், மகிழ்கின்றோம். பாட்டின் தலைப்பே திரிந்து, பாடியவர் பெயர் மாறி, எழுதியவர் பெயரே இல்லாமல் அவை வருகின்றன. பெயரற்ற பாட்டு நாட்டுப்பாடல் ஆகிவிடுகிறது என்று சிலர் சமாதானம் சொல்வர். உழைத்தவன் பெயரை இழப்பது எவ்வகையிலும் மக்கள் கலையின் வெற்றியன்று. ஹெவ்லொக் டவுன் ஆலையிலே 1,400 பேர் நூல் நூற்றனர். துணியின் மேலே ஒருவர் பெயரும் இல்லை. பாட்டிலும் அதே கதி நேர விடலாமா?

இதனைச் செய்வதற்குப் பெரும் நிறுவனம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் இருக்கும் ஆசிரியரும் மாணவரும் தொடங்கக்கூடிய வேலை இது. அலுமாரியின் அடியிற் கிடக்கும் தட்டின் உறையை எடுத்து, அதில் அச்சாகியிருக்கும் பெயர்களையும் இலக்கத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அக்காலத்தில் மேடையேறிய முதியவர் ஊரில் இருந்தால் அவரிடம் சென்று, உடன் வாசித்தவர் யார் யார் என்று கேட்டுப் பதிவுசெய்யுங்கள். சிங்கள நண்பர்களிடம் கேளுங்கள். ஒரே ஒலிப்பதிவுக்கூடத்தில் இரு மொழிக் கலைஞரும் சேர்ந்து வாசித்த செய்தி அவர்களிடமிருந்தும் வரலாம். பாடசாலைக்கு ஒரு குறிப்பேடு வீதம் சேர்ந்தாலும் சில ஆண்டுகளில் ஒரு பட்டியல் உருவாகிவிடும்.

அப்பட்டியல் உருவானபின், எது சிறந்தது, எது தேறாதது என்று தாராளமாகச் சண்டை பிடிக்கலாம். அந்தச் சண்டையை இருபது வயது இளைஞர் தம் மொழியின் பாட்டைப் பற்றி, தம் ஊரின் குழுவைப் பற்றி, ஆதாரத்தோடு நடத்தும் உரிமையை அவர்களுக்குப் பெற்றுக்கொடுப்பது நம் தலைமுறையின் கடன்.